திறந்த ஜோடியைக் காட்டு

அத்தியாயம் 14

ஒன்பது வருஷமாக முகம் கொடுக்காத அக்காவைப் பேச வைக்க ஒரு தங்கை என்னதான் செய்வாள்?

வாசலில் போய் நிற்கலாம். வெர்னா நின்று பார்த்தாள்; கதவு திறக்கவில்லை, ஜன்னல் திரை மட்டும் ஒருமுறை அசைந்தது. போன் செய்யலாம். செய்தாள், குரலைக் கேட்டதும் ஆர்டிஸ் வைத்துவிட்டாள். சர்ச் போதகரைத் தூது அனுப்பலாம். அனுப்பினாள். மனிதர் போன காரியத்தை மறந்து, "உங்க அக்கா சுடற பீச் பழ பை பிரமாதம்மா" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார்.

அதற்குள் போன வாரம் அந்தச் செய்தி காதுக்கு எட்டியது. ஆர்டிஸ் கார்டீனாவில் இருந்த தன் வீட்டை விற்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, பிறந்த மண்ணான ஓக்லஹோமாவுக்கே திரும்பிப் போகிறாள். அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு, தங்கைக்கு நாற்பத்தொன்பது. இப்போது விட்டால் இனி ஒருத்தி சாவுக்கு இன்னொருத்தி வந்தால்தான் உண்டு. அதுவும் வருவாளோ, மாட்டாளோ.

ஆகவே வெர்னா போக்கர் சீட்டாட்டம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள்.

சிரிப்பு வரத்தான் செய்யும். சீட்டுக்கட்டில் இருக்கிற ராஜா ராணியெல்லாம் சாத்தானின் குடும்பப் படம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண் அவள். ஆனாலும் அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. ஆர்டிஸ் தினமும் காலையில் மேக்னோலியா கிளப்புக்குப் போய்ச் சீட்டாடுகிறாள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சீட்டு மேசையில் வாயைச் சாத்திக்கொள்ள முடியாது. அங்கே கட்டு கைமாறிக்கொண்டே வரும். யார் கையில் கட்டு இருக்கிறதோ, அவள் ஒவ்வொருத்தரிடமும் 'எத்தனை?' என்று கேட்டுச் சீட்டுப் போட்டே ஆகவேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பாடு.

வெள்ளிக்கிழமை காலை. சமையலறை மேசையில் சீட்டுக்கட்டும், பந்தயச் சில்லுக்குப் பதிலாகக் காய்ந்த பீன்ஸ் கொட்டையும் பரவிக் கிடந்தன. விமானத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்த மெர்ல், தூக்கக் கண்ணோடு மனைவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"மூணு ஒன்பது வச்சிருக்கே," என்றான்.

வெர்னா சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஜன்னல் கண்ணாடியில பார்த்துட்டே, திருடா!"

"உன் புருவத்துல பார்த்தேன். சர்ச்சுல மேல் ஸ்தாயி பாடறப்ப தூக்குவியே, நல்ல சீட்டு வந்தா அதே மாதிரி தூக்கறே."

"அது எங்க வீட்டுப் புருவம். அக்காவுக்கும் அப்படித்தான்."

"அப்ப ரெண்டு பேரும் தூக்கிக்கிட்டே இருங்க, ஆட்டம் விளங்கும். சரி, கடைசிப் பரீட்சை. சொல்லு."

வெர்னா ஞாயிறு பள்ளிச் சிறுமிபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆளுக்கு அஞ்சு சீட்டு. ஜாக்கி ஜோடியாவது இருந்தாத்தான் ஆட்டத்தைத் திறக்கலாம். இல்லேன்னா மேசையைத் தட்டிட்டு அடுத்தவங்களுக்கு விடணும். யாராவது திறந்தா, கூட வர்றவங்க பந்தயம் வைக்கணும். அப்புறம் வேண்டாத சீட்டை இறக்கிட்டு அத்தனையே புதுசா வாங்கிக்கலாம். ஒரே தடவைதான். மறுபடி பந்தயம். கடைசியில கையைக் காட்டணும்."

"மூணு ராஜா பெரிசா, அஞ்சும் ஒரே இனம் பெரிசா?"

"ஒரே இனம். அதுக்குத்தானே நேத்து ஒரு கிண்ணம் பீன்ஸ் தோத்தேன்!"

மெர்ல் சிரித்தான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவன்போல விரலை உயர்த்தினான். "இன்னொண்ணு. நாம வீட்டுல கண்டுக்கறதில்ல, அங்க கண்டுப்பாங்க. திறந்தவ ஜெயிச்சான்னா, திறக்கறப்ப வச்சிருந்த ஜோடியைக் காட்டணும். நடுவுல அந்த ஜோடியை உடைக்கறதா இருந்தா, இறக்கற சீட்டைக் குவியல்ல போட்டுடாதே. உன் முன்னாடி சில்லுக்கு அடியில வச்சுக்கோ. அதுதான் உனக்குச் சாட்சி."

"இத்தனை நாளா நாம அப்படிச் செய்யலியே?"

"இங்க எதுக்கு? நீ இருந்துச்சுன்னு சொன்னா இருந்துச்சு. உன்னைப் போய் நான் காட்டுன்னு கேட்பேனா?"

வெர்னாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சியில் பாடத்தின் பாதி காதோடு நின்றுவிட்டது. எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் கூந்தலுக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டாள்.

"மெர்ல், அவ பேசலேன்னா?"

"பேசலேன்னா வீட்டுக்கு வா."

"பேசினா?"

"அப்பவும் வீட்டுக்குத்தான் வரணும். வேற எங்க போவே?" என்றான் அவன். ஆனால் அவள் கார் தெரு முனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றான்.

காரில் போகும்போது வெர்னாவின் மனம் வழக்கமான பள்ளத்தில்தான் போய் விழுந்தது. அம்மாவின் கடைசி வாரம்.

அம்மா வெர்னா வீட்டில்தான் இறந்தாள். சாவதற்கு இரண்டு நாள் முன்பு, சூப் ஊட்டிக்கொண்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஓக்லஹோமாவுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. உங்க அப்பாவோட இருந்தது போதும். நீங்க ரெண்டு பேரும் இருக்கற இந்தப் பக்கமே வச்சுடுங்க," என்றாள். அறையில் வேறு ஒருவரும் இல்லை. சாகும்போது அப்பா ஆர்டிஸிடம்தான் சத்தியம் வாங்கியிருந்தார், அம்மாவை ஓக்லஹோமாவில் தன் கல்லறைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்று. சில மணி நேரத் தூரத்தில் அப்போது குடியிருந்த பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து ஆர்டிஸ் ஓடிவந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள். வெர்னா விஷயத்தைச் சொன்னாள். ஆர்டிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ சொல்றே. வேற யாரு கேட்டா?"

அம்மாவைக் கார்டீனாவிலேயே அடக்கம் செய்தார்கள். ஆர்டிஸ் கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பினாள். அதோடு பேச்சு நின்றது. வேடிக்கை என்னவென்றால், சில மாதத்தில் அவளே பேக்கர்ஸ்ஃபீல்டை விட்டுக் கார்டீனாவுக்குக் குடிவந்தாள், கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு தெரு தள்ளி. தன்னைச் சீண்டவே வந்திருக்கிறாள் என்று வெர்னா வெகுகாலம் கருவிக்கொண்டிருந்தாள்.

மேக்னோலியா கிளப்பில் காலைக் கூட்டம் பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேர் பின்னல் வேலையை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். வெர்னா மூன்று நாளாக இடம் கேட்டுப் பலகையில் பெயர் எழுதிக் காத்திருந்தவள்; கிடைத்ததெல்லாம் வேறு மேசை, உட்காராமலே திரும்பினாள். இன்று ஒருவழியாக அக்காவின் மேசையிலேயே ஒரு நாற்காலி காலியானது.

ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தாள். சிகரெட்டைத் தட்டினாள். சில்லுகளை அடுக்கினாள். அவ்வளவுதான்.

"புதுசா?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த பெண்மணி. பூ நாற்றங்கால் வைத்திருக்கும் ஃபுமி நாகாசே. அவள் ஆர்டிஸுக்கும் வெர்னாவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப."

"பயப்படாதே. இங்க யாரும் கடிக்க மாட்டோம். அவரு மட்டும் சுருட்டைக் கடிப்பாரு," என்று எதிரே இருந்த தடித்த மனிதரைக் காட்டினாள். தடித்த மனிதர் சுருட்டைக் கடித்தபடியே தலையசைத்தார்.

ஆட்டம் சுற்றிவந்தது. வெர்னா கையில் வந்ததெல்லாம் குப்பை. அது அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது. மேசையைத் தட்டிவிட்டு அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. அம்மாவுக்கும் இப்படித்தான் வீங்கும். சீட்டைப் பிரித்துப் பிடிக்க வலிக்கிறதோ என்னவோ, ஆர்டிஸ் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கட்டு கைமாறி ஆர்டிஸிடம் வந்தது. கலைத்தாள். போட்டாள்.

வெர்னா சீட்டை விரித்தாள். இரண்டு ஜாக்கி. ஒன்று ஸ்பேட், ஒன்று ஹார்ட்டின். மீதி மூன்றும் ஸ்பேட். புருவத்தைப் பல்லைக் கடித்து அடக்கினாள்.

ஃபுமி மேசையைத் தட்டினாள். "நான் திறக்கறேன்," என்றாள் வெர்னா. குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. சுருட்டுக்காரர் கூட வந்தார். மற்றவர்கள் விலகினார்கள். ஆர்டிஸ் சில்லைத் தள்ளினாள். ஃபுமியும் சீட்டை மூடிவிட்டாள்.

இனி சீட்டு மாற்றவேண்டும். ஜோடியை வைத்துக்கொள்வதா, உடைத்து ஐந்தாவது ஸ்பேடுக்குத் துணிவதா? வெர்னா யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆர்டிஸ் அவள் பக்கம் திரும்பினாள். கண் நேராகக் கண்ணைச் சந்தித்தது.

"எத்தனை?"

ஒன்பது வருஷம். அம்மாவின் குரல் அப்படியே இருந்தது அதில். சின்ன வயதில் இதே குரல்தான் ஒவ்வொரு காலையும் சோளரொட்டித் தட்டோடு நின்று 'எத்தனை?' என்று கேட்கும்.

"ஒண்ணு, அக்கா," என்றாள் வெர்னா. கண் நிறைந்துவிட்டது. ஹார்ட்டின் ஜாக்கியை உருவிக் கவிழ்த்து மேசைமேல் தள்ளினாள். சில்லுக்கு அடியில் அல்ல. வீட்டில் பீன்ஸ் கொட்டை வைத்து ஆடும்போது தள்ளுவாளே, அதேபோல நேராக நடுக் குவியலுக்கு.

ஆர்டிஸ் ஒரு சீட்டைப் போட்டாள். சுருட்டுக்காரருக்கு மூன்று, தனக்கு இரண்டு. பிறகு இறக்கிய சீட்டுகளையெல்லாம் தன் பக்கம் வாரிச் சேர்த்தாள். சேர்க்கும்போது அவள் புருவம் ஒருமுறை மேலே போய்வந்தது. சரிதான், அக்காவுக்கு நல்ல கை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் வெர்னா. ஆர்டிஸ் தன் புதுச் சீட்டுகளை அதுவரை எடுத்தே பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

வெர்னா தன் புதுச் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஸ்பேட்! ஐந்தும் ஒரே இனம்.

பந்தயம் வைத்தாள். சுருட்டுக்காரர் விலகிக்கொண்டார். ஆர்டிஸ் கூட வந்து தன் கையைத் திறந்தாள். மூன்று ராஜா. வெர்னா தன் ஐந்து ஸ்பேடையும் விரித்தாள். மேசையில் ஒரு சின்ன ஆரவாரம் எழுந்தது. "புதுசா நீ? நாங்கதான் புதுசு!" என்றாள் ஃபுமி.

வெர்னா சில்லுக் குவியலைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"திறந்த ஜோடியைக் காட்டு," என்றாள் ஆர்டிஸ்.

"என்ன?"

"நீதானே திறந்தே? எதை வச்சுத் திறந்தே? காட்டு."

வெர்னா தன் சீட்டுகளைப் பார்த்தாள். ஒரே ஒரு ஜாக்கி. காலையில் மெர்ல் உயர்த்திய விரல் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகம் பற்றிக்கொண்டு எரிந்தது.

"ரெண்டு ஜாக்கி இருந்துச்சு. ஒண்ணை இறக்கிட்டேன். அந்தக் குவியல்லதான் இருக்கு."

சுருட்டுக்காரர் கையைத் தூக்கி மேற்பார்வைக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து நின்று, கேட்டு, வருத்தத்தோடு தலையாட்டினார். "இறக்கின சீட்டைக் கிளறிப் பார்க்கறது இங்க கிடையாதும்மா. கையில காட்ட முடியலேன்னா உங்க கை செல்லாது."

"ஆனா இருந்துச்சு! சத்தியமா இருந்துச்சு அக்கா."

ஆர்டிஸ் சில்லுகளைத் தன் பக்கம் இழுத்தாள். நிதானமாக அடுக்கினாள். "நீ சொல்றே," என்றாள். "வேற யாரு பார்த்தா?"

அதே வார்த்தை. அம்மா போன அன்று கேட்டாளே, அது.

"தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார் சுருட்டுக்காரர் ஆர்டிஸிடம்.

"எங்க அம்மாவோட பொண்ணு," என்றாள் ஆர்டிஸ். கட்டை அடுத்தவளிடம் தள்ளிவிட்டு எழுந்தாள், கைப்பையை எடுத்தாள், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மேசையே வெர்னாவைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் வாசலைத் தாண்டியதும் ஃபுமி காதோரம் குனிந்தாள்.

"மேசையில இருக்கறப்ப அடுத்தவங்க கைக்குச் சாட்சி சொல்லக்கூடாது. அதான் வாயைத் திறக்கல. இப்ப அவங்க எழுந்து போயாச்சு, சொல்றேன். ஹார்ட்டின் ஜாக்கிதானே?"

"உங்களுக்கு எப்படி..."

"சீட்டை வார்றப்ப முனை தூக்கிச்சு. நான் பார்த்தேன். உங்க அக்கா எனக்கு முன்னாடியே பார்த்துட்டாங்க. அதைப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் உள்ளே சொருகினாங்க."

அந்தப் புருவம்! வெர்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. ஆர்டிஸ் தன் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"பார்த்தே! நீ பார்த்தே!"

ஆர்டிஸ் மறுக்கவில்லை. "பார்த்தேன்."

"பார்த்துட்டு, அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கினே?"

"பொய்னு நான் சொன்னேனா? யாரு பார்த்தான்னு கேட்டேன்."

"நீதான் பார்த்தியே!"

"நான் சொன்னா மட்டும் செல்லுமா? சட்டம் சட்டம்தான். சீட்டு உன் கையில இருக்கணும். இத்தனை வயசாகியும் எல்லாத்தையும் மத்தவங்க நம்பணும்னு எதிர்பார்க்கறே பாரு, அதான் உங்கிட்ட எனக்குப் பத்திக்கிட்டு வர்றது."

வெர்னாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள். "அப்ப அம்மா விஷயத்துல? அதுலயும் தெரிஞ்சுக்கிட்டேதான் அந்தக் கேள்வி கேட்டியா?"

கதவின்மேல் இருந்த வீங்கிய விரல்கள் இறுகின. ஆர்டிஸ் பேசியபோது குரலில் சூடு போயிருந்தது.

"அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமை அம்மா எனக்கு போன் பண்ணினா, வெர்னா. நீ சர்ச்சுக்குப் போயிருந்தே. அழுதுக்கிட்டே பேசினா."

"என்ன பேசினா?"

"ஒன்பது வருஷமா என் கதவைத் தட்டறே. போன் பண்றே. போதகரை வேற அனுப்பினே. நான் சொன்னது நிஜம், நான் சொன்னது நிஜம்னு. உங்கிட்ட அம்மா என்ன சொன்னா அக்கான்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

வெர்னா மெல்லத் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

ஆர்டிஸ் காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். "நாளைக்குக் காலைல கல்லறைக்குப் போய் அம்மாகிட்ட சொல்லிக்கப் போறேன். வரணும்னா வா. வந்து கேளு." கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கார் பின்னால் வந்து, திரும்பி, தெருவில் கலந்துவிட்டது.

வெர்னா வீடு வந்தபோது மெர்ல் தூங்கவில்லை. பீன்ஸ் கொட்டைகள் மேசையில் காலையில் கிடந்தபடியே கிடந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

"பேசினாளா?"

"பேசினா."

"என்னம்மா சொன்னா?"

வெர்னா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னைக் காட்டச் சொன்னா மெர்ல்," என்றாள். "அவ கையில என்ன இருக்குன்னு இத்தனை வருஷமா நான்தான் கேட்கவே இல்ல."